கைராசிக்காரி ராதாவும் பாம்புத்தலை மெடூசாவும்

மெல்பேர்ணில் ஒரு காலம் இருந்தது. தமிழ்க் கலியாணம் ஒன்று முற்றானால் முதலில் மண்டபத்தைப் பிடிப்பார்கள், பிறகு ஐயரைப் பிடிப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. முதலில் ராதாவைப் பிடிப்பார்கள். ராதாவுக்கு எந்தச் சனி, எந்த ஞாயிறு வசதி என்று தெரிந்த பிறகுதான் ஐயர் பஞ்சாங்கத்தை விரிக்கலாம். நல்ல நாளாக இருந்தும் ராதா கிடைக்கவில்லை என்பதற்காக நாளையே தள்ளிவைத்த தாய்மார் இருந்தார்கள். அதே தாய்மாரில் சிலர் இன்றைக்குத் தமிழ்க் கடையில் ராதாவைக் கண்டால் பருப்புப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள், நிமிர்ந்து முகம் பார்க்கிறார்கள் இல்லை. நன்றி கெட்ட சனம், வேறென்ன சொல்ல.

மணப்பெண்ணை அலங்கரிப்பதை யாழ்ப்பாணத்தார் பொம்பிளை வெளிக்கிடுத்துவது என்பார்கள். அந்த வேலையை ராதா கொழும்பில்தான் பழகினாள். வெள்ளவத்தையில் விசாவுக்குக் காத்துக்கிடந்த காலத்தில், அறைக்குள் சும்மா இருந்தால் விசர் பிடித்துவிடும் என்று கீழ்த்தட்டில் இருந்த சலூனில் போய் நின்றாள். மாப்பிள்ளை கௌரிசங்கர் மெல்பேர்ணில். படத்தில் பார்த்து, தொலைபேசியில் கதைத்து, விமான நிலையத்தில் இறங்கித்தான் ஆளை நேரே கண்டாள். இங்கே வந்து முறைப்படி தலைமுடி வெட்டப் படித்தாள். பிறகு ஓக்லியில் ஸ்தவ்ரூலா என்ற கிரேக்கப் பெண்ணின் சலூனில் சேர்ந்தாள். கிழமை நாட்களில் கிரேக்கத் தலைகள், சனி ஞாயிறில் தமிழ்த் தலைகள் என்று அவளுடைய காலம் ஓடியது.

கைராசி என்ற பெயர் எப்படி வந்தது என்றால், அது சனம் கொடுத்த பெயர். அவள் முதன்முதலில் வெளிக்கிடுத்திய பெண்ணுக்கு வருடம் திரும்புமுன்பே இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. அடுத்தவளின் புருசனுக்கு வந்த கையோடு நிரந்தர விசா கிடைத்தது. மூன்றாவது பெண்ணின் தங்கைக்கு, பல வருடங்களாகச் சம்பந்தம் சரிவராமல் இருந்தவளுக்கு, அந்தக் கலியாண வீட்டிலேயே தங்கமான மாப்பிள்ளை அமைந்தது. போதாதா? "ராதா கை வைச்சால் அந்தக் குடும்பம் விளங்கும்" என்று கதை பரவியது. ராதாவும் சும்மா சொல்லக்கூடாது, அதை மறுத்ததே இல்லை. "எல்லாம் கடவுள் செயல்" என்று தலையைச் சரித்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் கடவுளுக்குக் கால்வாசி, ராதாவுக்கு முக்கால்வாசி.

ஸ்தவ்ரூலாவின் சலூனுக்குப் பெயர் மெடூசா. வாசல் பலகையில் ஒரு பெண்ணின் தலை, தலைமுடி இருக்க வேண்டிய இடமெல்லாம் பாம்புகள், நாக்கை நீட்டிக்கொண்டு. தலைமுடி வெட்டும் கடைக்கு இப்படியொரு படம் வைக்க ஸ்தவ்ரூலாவால்தான் முடியும். "பாம்புத் தலையையே சீவி விடுவோம், உங்கள் தலை எம்மாத்திரம்" என்பது அவளுடைய பகிடி. தமிழ்ப் பெண்டுகளுக்கு அது பகிடியாகப் படவில்லை. "என்ன ராதா, மங்களமான தொழில் செய்யிறனீர், வாசலில மூதேவியை வைச்சிருக்கிறீர்?" என்று கேட்பார்கள்.

ராதாவுக்கு மெடூசாவின் கதையைச் சொன்னது ஸ்தவ்ரூலா இல்லை. மிருணாளினி.

மிருணாளினி விஜயாவின் மகள். விஜயா ராதாவின் உயிர்ச் சிநேகிதி. இருவரும் ஒரே வருடம் வந்து, கிளேட்டனில் ஒரே மாடிக் கட்டடத்தில் மேலும் கீழுமாக இருந்தவர்கள். விஜயாவும் புருசன் விக்னராஜாவும் மகளின் பள்ளிக்கூடத்துக்காகவே கிளென் வேவர்லியில் வீடு வாங்கிப் போனபோது ராதா ஒரு கிழமை அழுதாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. மிருணாளினியின் முதல் முடி வெட்டியது, பெரியபிள்ளையானபோது சாமத்திய வீட்டுக்கு வெளிக்கிடுத்தியது, அரங்கேற்றத்துக்குச் சடை பின்னியது எல்லாம் ராதாவின் கை. பள்ளிக்கூடம் விட்டதும் அந்தப் பிள்ளை சலூனுக்கு வந்து ஒரு கதிரையில் சுழன்றுகொண்டிருக்கும்.

பன்னிரண்டாம் வகுப்பில் அவள் கிரேக்கப் பழங்கதைகளை ஒரு பாடமாக எடுத்திருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ராதா அவளுடைய தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"அன்ரி, வெளியில போர்டில இருக்கிறவ ஆரெண்டு தெரியுமோ?"

"ஸ்தவ்ரூலான்ர மாமியாராக்கும்."

"ஐயோ அன்ரி! அவ மொன்ஸ்டர் இல்லை. முந்தி சரியான வடிவான பொம்பிளை. அவவின்ர தலைமயிர்தான் பெரிய வடிவாம்."

தமிழும் ஆங்கிலமும் கலந்து கதையைச் சொன்னாள். கதை பல விதமாம், அதில் ஒரு விதம் இது. அந்த அழகியைக் கடல் தெய்வம் ஒருவன் அதீனா என்ற பெண் தெய்வத்தின் கோயிலுக்குள் வைத்தே கெடுத்துவிட்டான். தன் கோயில் அசுத்தப்பட்டுப் போயிற்றென்று அதீனாவுக்குக் கோபம் வந்தது. யார்மேல்? கெடுபட்டவள்மேல். அவளுடைய தலைமுடியைப் பாம்பாக்கினாள். அவள் முகத்தை நேரே பார்க்கிறவர்கள் எல்லாம் கல்லாகிப் போகும்படி ஆயிற்று. பிறகு ஒரு வீரன் வந்தான். அதீனாவின் உதவியோடு அவளுடைய தலையை வெட்டிக்கொண்டு போனான்.

"அப்ப அந்தக் கடல்காரனுக்கு என்ன தண்டனை?" என்று கேட்டாள் ராதா.

"நத்திங்."

"நத்திங்கோ? ஒண்டுமேயில்லையோ?"

"ஒண்டுமில்லை அன்ரி."

ராதா சீப்பைத் தட்டத்தில் எறிந்த சத்தத்தில், முடி காயவைத்துக்கொண்டிருந்த கிரேக்கக் கிழவி திடுக்கிட்டுப் போனாள். "நாசமாய்ப் போவான்கள்" என்று ராதா திட்டினாள். எந்த நாட்டுத் தெய்வம் என்றெல்லாம் அவள் பார்க்கவில்லை.

பிள்ளைக்கு உற்சாகம் வந்துவிட்டது. மற்றக் கதைகளையும் எடுத்துவிட்டாள். ஸ்கில்லா என்ற ஒருத்தி குளிக்கிற குளத்தில் சிர்சி என்ற மந்திரக்காரி பொறாமையில் நஞ்சைக் கலந்தாளாம், குளிக்க இறங்கியவளின் இடுப்பிலிருந்து நாய்த்தலைகள் முளைத்தனவாம். லாமியா என்ற இன்னொருத்திமேல் பெரிய தெய்வம் ஆசைப்பட்டதற்கு, அந்தத் தெய்வத்தின் பெண்சாதி லாமியாவின் பிள்ளைகளைப் பறித்தாளாம். பிள்ளைகளை இழந்த தாய் ஊர்ப் பிள்ளைகளைத் தின்னும் பேயாகிவிட்டாளாம். பாட்டுப் பாடிக் கப்பலைக் கவிழ்க்கிறவர்கள், விடுகதை கேட்டு ஆளைக் கொல்லுகிறவள் என்று அந்த ஊரில் பெண்பேய்களுக்குப் பஞ்சமே இல்லை.

"இதெல்லாம் உண்மையில பேயில்லை அன்ரி," என்று மிருணாளினி சொன்னாள். அவளுடைய கண் சிவந்திருந்தது, எண்ணெய் பட்டதால் இல்லை. "பொம்பிளை நேர பார்த்தால் அவையளுக்குப் பயம், அதுதான் மெடூசா. பொம்பிளை வாய் திறந்தால் பயம். கேள்வி கேட்டால் பயம். பிள்ளையைப் பறிகுடுத்தவளின்ர துக்கத்தைப் பார்க்கக்கூடப் பயம். தங்கட பயத்துக்கு ஒரு முகம் வேணும், அதுக்கு ஒரு பொம்பிளையைப் பிடிச்சுப் பேயாக்கிறது. தட்ஸ் ஓல்."

ராதா உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் எண்ணெயை ஊற்றிக்கொண்டாள். பிறகு சொன்னாள், "எல்லாம் சரி பிள்ளை. ஆனா ஒண்டு கவனிச்சனியோ? ஆம்பிளை செய்யிறதைச் செய்துபோட்டுப் போட்டான். பேயாக்கினது எல்லா இடத்திலயும் இன்னொரு பொம்பிளை."

மிருணாளினி சுழன்று திரும்பி அவளைப் பார்த்தாள்.

"இன்னொண்டு. தலையில பாம்பிருந்தால் பேயோ? எங்கட பொம்பிளையளுக்கு நான் ஒவ்வொரு கிழமையும் சடைநாகம் வைக்கிறன். உச்சியில அஞ்சு தலைப் படம், கீழ வாற வரைக்கும் நாகம். அது இல்லாட்டி கலியாணப் பொம்பிளை எண்டே சனம் ஒத்துக்கொள்ளாது. உங்கட மெடூசா எங்கட பக்கம் பிறந்திருந்தால் மேடையில இருத்தி ஆலாத்தி எடுத்திருப்பம்."

பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரித்து முடிந்ததும் ராதாவின் எண்ணெய்க் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு சொன்னது, "என்ர கலியாணத்துக்கு நீங்கள்தான் அன்ரி எனக்கு நாகம் வைக்கோணும். வேற ஒருத்தரும் என்ர தலையைத் தொடக்கூடாது."

அந்த வார்த்தையை ராதா பத்திரமாக வைத்திருந்தாள். சொந்தப் பிள்ளை இல்லாதவளுக்கு அப்படியான வார்த்தைகள்தானே சொத்து.

புருசன் கௌரிசங்கர் விட்டுப் போன கதையை நீட்டத் தேவையில்லை. சிட்னியில் வேலை மாற்றம் என்றான். அங்கே ஹோம்புஷில் ஒரு ஃபிளாட் எடுத்தான். முதலில் மாதம் ஒருமுறை வந்தான், பிறகு பண்டிகைக்கு வந்தான், பிறகு அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று தொலைபேசியில் சொன்னான். அவ்வளவுதான். மனுசன் இப்போதும் அங்கே கோயில் கமிட்டியில் மாலை போட்டுக்கொண்டு நிற்கிறான். யாரும் அவனை மேடையிலிருந்து இறக்கவில்லை.

இறக்கியது ராதாவை.

முதலில் "பாவம் ராதா" என்றார்கள். விஜயா நாள் தவறாமல் சோறும் கறியும் கொண்டுவந்து, தானே குழைத்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தாள். அதை மறக்கக்கூடாது. கொஞ்சக் காலம் போக "பாவம்" தேய்ந்து "வாழாவெட்டி" ஆயிற்று. புருசன் செய்த வேலைக்குப் பெண்சாதிக்குப் பட்டம் கொடுக்கிற சொல் தமிழில் இருக்கிறதே, என்ன செய்ய! அந்த நேரம் பார்த்து, ராதா வெளிக்கிடுத்திய இரண்டு பெண்கள் ஒரே வருடத்தில் விவாகரத்து எடுத்தார்கள். ஒருத்தியின் புருசன் குடிகாரன், மற்றவள் தானாகவே வேண்டாம் என்று வந்தவள். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் சனம் காகத்தைப் பிடித்துக்கொண்டது. "தானே வாழாதவள், அவளின்ர கை பட்டால் எப்பிடி விளங்கும்?" என்று யாரோ ஒருத்தி ஒரு பிறந்தநாள் விழாவில் சொன்னாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? எந்தக் கையைக் கண்ணில் ஒற்றினார்களோ அந்தக் கையைக் கண்டு ஒதுங்கத் தொடங்கினார்கள். வருசத்துக்குச் சனி ஞாயிறெல்லாம் நிரம்பி வழிந்த ராதாவுக்கு, சனி ஞாயிறுகளில் வீட்டில் இருந்து தொலைக்காட்சி பார்க்க நேரம் கிடைத்தது.

கைராசியை அவள் நம்பியிருந்தாள் என்பதுதான் இதில் கொடுமை. நல்லதுக்கு நம்பியவளுக்குக் கெட்டதுக்கு நம்பாமல் இருக்கத் தெரியவில்லை. சில நேரம் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் தன் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பாள்.

அப்படியிருக்கும்போதுதான், படித்து முடித்து வேலைக்கும் போய்விட்ட மிருணாளினிக்குக் கலியாணம் முற்றாயிற்று. மாப்பிள்ளை நிதுஷன், சிட்னியில் பொறியியலாளர், நல்ல பெடியன். மெல்பேர்ண் தமிழ்ச் சனம் முழுக்க வரப்போகிற கலியாணம். ராதாவுக்கு உயிர் திரும்பி வந்தது. அந்த மண்டபத்தில், எல்லாருடைய கண்ணுக்கும் முன்னால், தான் வெளிக்கிடுத்திய மிருணாளினி மணவறைக்கு நடந்து வரட்டும். விஜயாவே தன் ஒரே பெட்டையை ராதாவின் கையில் கொடுத்தாள் என்றால் அதற்குமேல் யார் வாய் திறக்க முடியும்? தொழில் திரும்பி வரும் என்பது ஒரு பக்கம். தன் கை கெட்ட கையில்லை என்று அவளுக்கே தெரிய வேண்டியிருந்தது. இந்த ஒரு கலியாணம் போதும்.

புதிய சடைநாகம் ஒன்றைச் சென்னையில் சொல்லிச் செய்வித்தாள். ஒத்திகை பார்க்க வரச் சொல்லி மிருணாளினிக்குத் தகவல் அனுப்பினாள். பதில் வரவில்லை. விஜயாவின் தொலைபேசிதான் வந்தது.

"ராதா... ஒரு சின்னப் பிரச்சினை. மாப்பிள்ளை வீட்டார் சிட்னியில இருந்து தங்கட ஆளைக் கூட்டிக்கொண்டு வருகினமாம், பொம்பிளை வெளிக்கிடுத்த. நாங்கள் என்ன செய்யிறது, சம்பந்தி வீடெல்லே."

ராதா விழுங்கிக்கொண்டாள். சம்பந்தி வீடு என்றால் என்ன செய்ய முடியும், விஜயாவின் நிலைமையையும் பார்க்க வேண்டும் என்று தனக்குத்தானே சொன்னாள். "பரவாயில்லை விஜயா, பிள்ளை சந்தோசமா இருந்தால் காணும்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டு அழுதாள்.

அந்தப் பொய் ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை. நிதுஷனின் பெரியம்மா யோகா ஓக்லிக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். அவள் முடி வெட்ட வந்து உட்கார்ந்தாள். கதையோடு கதையாக, "உங்களைத்தான் பொம்பிளைக்குப் பிடிச்சிருப்பினம் எண்டு நாங்கள் நினைச்சம் ராதா" என்றாள். "பிறகு பொம்பிளை வீட்டாரே சிட்னியில ஆரும் நல்ல ஆள் இருந்தால் பிடிச்சுத் தாங்கோ எண்டு கேட்டவை. எங்களுக்கு என்ன, ஆர் செய்தாலும் சரிதானே?"

கத்தரிக்கோல் ராதாவின் கையில் அப்படியே நின்றது. யோகாவின் தலையை எப்படி முடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. மத்தியானம் ஸ்தவ்ரூலாவிடம் சொல்லிவிட்டு, நேரே கிளென் வேவர்லிக்குக் காரை விட்டாள்.

விஜயா குசினியில் பலகாரத்துக்கு மாவறுத்துக்கொண்டு நின்றாள். ராதாவின் முகத்தைக் கண்டதுமே அடுப்பை அணைத்தாள்.

"மாப்பிள்ளை வீட்டாரோ ஆள் பிடிச்சவை?" என்று கேட்டாள் ராதா. "என்ர முகத்தைப் பார்த்துச் சொல்லு. மாப்பிள்ளை வீட்டாரோ?"

விஜயா அகப்பையைக் கீழே வைத்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள்.

"இல்லை" என்றாள்.

"பிறகு ஆர்?"

"நான்தான்" என்றாள் விஜயா. "ஓம் ராதா, நான்தான். என்னைப் பேசு."

ராதா ஏசாமல் விடுவாளா? பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுகிறவள் என்றாள். பனையால் விழுந்தவளை மாடேறி மிதித்ததுபோல மிதித்துவிட்டாய் என்றாள். "நீ சோறு கொண்டு வந்து தந்தனியே, அதுக்குள்ள நஞ்சைப் போட்டுத் தந்திருக்கலாமேயடி. ஊரெல்லாம் என்னை வாழாவெட்டி எண்டு சொல்லேக்க நீ ஒருத்தி இருக்கிறாய் எண்டுதானே நான் நிமிர்ந்து நடந்தனான்? உன்ர பெட்டைக்கு என்ர கை ஆகாதோ? அவளுக்கு முதல் தலை இழுத்த கையடி இது!" விஜயா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். "இனி நான் செத்தாலும் என்ர வாசல்படி மிதியாதை" என்று சொல்லிவிட்டு ராதா வெளியே வந்தாள். சாத்திய கதவுக்குப் பின்னால் விஜயா அழுவது கேட்டது. அழட்டும் என்று விட்டாள்.

அடுத்த நாள் சலூனில் அவளுக்குக் கை ஓடவில்லை. ஸ்தவ்ரூலா கோப்பி போட்டுக் கொடுத்து விசயத்தைக் கேட்டறிந்தாள். அந்த மனுசிக்குக் கைராசி என்றால் விளங்கவில்லை, ஆனால் கண்ணூறு நன்றாக விளங்கும். திருஷ்டி படாமலிருக்க அவளுடைய கழுத்திலேயே நீலக் கண்மணி ஒன்று தொங்குகிறது. கதை முழுவதையும் கேட்டுவிட்டு ஸ்தவ்ரூலா வாசல் பலகையைக் காட்டினாள். வெட்டிய தலையை அந்த வீரன் கடைசியில் யாரிடம் கொடுத்தான் தெரியுமா என்று கேட்டாள். அதீனாவிடமே கொடுத்தானாம். அவள் அதைத் தன் கேடயத்தில் பதித்துக்கொண்டாளாம். பேய் என்று சொல்லிக் கொல்லுவதும் அவர்கள்தான், பிறகு தங்கள் பாதுகாப்புக்கு அதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும் அவர்கள்தான் என்றாள் ஸ்தவ்ரூலா. பழைய காலத்தில் கிரேக்கர்கள் கெட்டது அணுகக்கூடாதென்று அந்த முகத்தை வாசலிலும் அடுப்பிலும் செதுக்கி வைப்பார்களாம்.

எங்கள் ஆட்கள் வீடு கட்டும்போது முழிக்கிற கண்ணும் பல்லுமாகப் பூதப்பொம்மை தூக்குவது மாதிரி என்று ராதா நினைத்தாள். நினைத்ததும் ஆத்திரம் இன்னும் கூடியது. கூட இருந்தவளே தலையை வாங்குவது என்றால் என்ன என்று இப்போது நன்றாக விளங்கியது. விஜயாதான் அதீனா. கோயில் மாதிரி வீடு வைத்திருக்கிறாள், துப்புரவாக. அந்தத் துப்புரவுக்கு ராதாவின் கை அழுக்கு.

ஒரு ஆறுதல் மட்டும் மிச்சமிருந்தது. மிருணாளினிக்கு இது தெரிந்திருக்காது. தெரிந்தால் அந்தப் பிள்ளை வீட்டைக் கொளுத்திவிடும். மெடூசாவுக்காகக் கண் சிவந்த பிள்ளை அல்லவா? தாய் செய்த வேலை தெரிந்தால் கலியாணத்தையே நிறுத்தினாலும் நிறுத்துவாள். ராதா அவளுக்குத் தொலைபேசி எடுத்தாள். "அம்மா சொன்னதையெல்லாம் விடு, எனக்கு உன்னோட நேர கதைக்கோணும்" என்றாள். வியாழக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வருவதாக மிருணாளினி சொன்னாள். அவள் இப்போது ஒரு மருந்தகத்தில் மருந்தாளர், பெரிய மனுசி.

சலூனுக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையில், வெளியே போட்டிருந்த மேசையில் இருவரும் இருந்தார்கள். பக்கத்து மேசைகளில் கிரேக்கக் கிழவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். கலியாணக் களை மிருணாளினியின் முகத்தில் வந்திருந்தது. ராதாவுக்குப் பார்க்கவே மனம் குளிர்ந்தது.

"பிள்ளை, நான் ஆரையும் குறை சொல்ல வரேல்ல" என்று தொடங்கினாள் ராதா. "ஆனா உனக்குத் தெரியோணும். மாப்பிள்ளை வீட்டார் ஒண்டும் என்னை வேண்டாமெண்டு சொல்லேல்ல. உன்ர அம்மாதான்..."

"அன்ரி."

"சொல்லுறதைக் கேள். அம்மாதான் ஊர்க்கதைக்குப் பயந்து..."

"அன்ரி, ப்ளீஸ். அம்மா இல்லை."

மிருணாளினி கோப்பிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நான்தான் சொன்னனான்."

சீட்டாடிய கிழவர்களில் ஒருவர் வென்றுவிட்டார், மேசையில் அடித்துச் சிரித்தார்.

"நான் உதெல்லாம் நம்பிறேல்ல அன்ரி. யூ நோ மீ. விசர்க்கதை எண்டு எனக்குத் தெரியும்" என்று மிருணாளினி அவசரமாகச் சொன்னாள். "பட்... நாளைக்கு எனக்கும் நிதுஷனுக்கும் ஏதும் ஒண்டு வந்தால், அது என்ர மண்டைக்குள்ள வந்து நிக்கும். அப்ப நான் அதைத்தான் நினைப்பன். அதுதான் ஏன் சும்மா ஒரு ரிஸ்க் எண்டு... இட்ஸ் நொட் அபவுட் யூ, அன்ரி."

"அம்மா?"

"அம்மா சரியா அழுதவ. மூண்டு நாள் என்னோட கதைக்கேல்ல. ராதா இல்லாட்டி நான் மணவறைக்கே வரமாட்டன் எண்டு அப்பாட்டச் சொன்னவ. நான்தான் கத்தினனான், இட்ஸ் மை வெடிங் எண்டு. பிறகுதான் மாப்பிள்ளை வீட்டாரைச் சாட்டுவம் எண்டு சம்மதிச்சவ. நான் சொன்னதெண்டு உங்களுக்குத் தெரிஞ்சால் நீங்கள் தாங்கமாட்டியளாம். தான் சொன்னதா இருக்கட்டுமாம்."

ராதாவுக்கு முதலில் கேட்டது விளங்கவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாக வந்து இடித்தது. குசினியில் வாயைத் திறந்து மூடிய விஜயா. என்னைப் பேசு என்ற விஜயா. அவளைப் பார்த்துச் சொன்ன ஒவ்வொரு சொல்லும் இப்போது திரும்பி வந்து காதில் விழுந்தது. பத்தும் படித்த பிள்ளை, எந்தப் பெண் ஏன் பேயாக்கப்பட்டாள் என்று கரைத்துக் குடித்த பிள்ளை, இந்தக் கைகளுக்குள்ளேயே வளர்ந்த பிள்ளை இப்படிச் செய்தது. படிப்பில்லாத பெண்டுகள் பிறந்தநாள் விழாவில் சொன்னதை ராதாவால் தாங்க முடிந்தது. அவர்கள் நம்பிச் சொன்னார்கள். இவள் நம்பாமலே செய்திருக்கிறாள்.

"கோவமோ அன்ரி?"

"இல்லை" என்றாள் ராதா. பச்சைப் பொய்.

"நீங்கள் கட்டாயம் வரோணும். முன்வரிசையில இருக்கோணும். நீங்கள் இல்லாமல் எனக்கு..." பிள்ளையின் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை. உண்மையாகவே அன்பு வைத்திருந்தாள், அதுவும் ராதாவுக்குத் தெரிந்தது. மிருணாளினி கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினாள். அத்தனை கிழவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, நடைபாதையில் குனிந்து ராதாவின் காலைத் தொட்டாள். "என்னை ஆசீர்வதியுங்கோ அன்ரி."

பழக்கதோசத்தில் ராதாவின் வலது கை எழும்பித் தலையை நோக்கிப் போனது.

முப்பது வருசமாகத் தலைகளைப் பிடித்தவள் அவள். முடி நேராக்கும் சூட்டு இரும்பைக் கிட்டக் கொண்டுபோனால், ஆள் அசையாமல் இருந்தாலும் காதோரத் தோல் ஒரு நூலளவு ஒதுங்கும். இருக்கிறவருக்கே அது தெரியாது, பிடிக்கிறவருக்குத் தெரியும். ராதாவின் கை நிழல் மேலே விழுந்ததும் மிருணாளினியின் தலை அப்படி ஒதுங்கியது. ஒரு நூலளவுதான். உடனே தன்னைப் பிடித்துக்கொண்டு கழுத்தை விறைப்பாக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

ராதா கையைப் பின்னுக்கு இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எழும்பு பிள்ளை," என்றாள். "பயப்பிடாதை. நான் தொடேல்ல."